ஊசிக்களாவின் மூட்டுக்கோடு

டிசைன் செக்‌ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாம் முதலில் கொடுக்கிற வேலை தூசி எடுப்பது. ஸ்கேன் செய்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி, கீறல், கண்ணாடியில் விழுந்த முடி என்று ஒவ்வொன்றையும் மவுஸால் தொட்டுத் தொட்டு அழிக்க வேண்டும். இதற்காகவா கோர்ஸ் படித்துவிட்டு வந்தோம் என்று உங்களில் பாதிப் பேருக்கு முகம் தொங்கிப்போவதை நானே பார்த்திருக்கிறேன். சிவகாசியில் ஒரே அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். தூசி எடுக்க ஒரு வாரத்தில் பழகிவிடலாம். எது தூசி இல்லை என்று தெரிய எனக்கு அத்தனை வருஷமும் பிடித்தது. அதுவும் ஒரு முள்செடி வந்து முகத்தில் அடித்த மாதிரி சொன்ன பிறகு.

நான் எந்தக் கோர்ஸும் படித்தவன் இல்லை. அச்சுக்குப் போகிற பிலிமில் மை தொட்டு ஓட்டை அடைக்கிற வேலைக்கு வந்தேன். கம்ப்யூட்டர் வந்ததும், அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். ஆனால் கை சுத்தம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "அண்ணாச்சி கையில படம் போனா தூசி என்ன, சாமி கன்னத்து மச்சமே போயிரும்" என்று அச்சுத் தகடு செய்கிற பிளேட் செக்‌ஷனில் கேலி பேசுவார்கள். அது கேலி என்று புரியாமல் பல வருஷம் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு தடவை சாத்தூரிலிருந்து ஒரு மிட்டாய்க் கடைக்காரர் தன் அப்பாவின் படத்தைப் போட்டு காலண்டர் அடிக்கக் கொடுத்தார். பழைய போட்டோ. பெரியவரின் நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. போட்டோ மடிந்த தடம் என்று நினைத்து வழித்து எடுத்துவிட்டேன். புரூஃப் பார்க்க வந்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"யாருங்க இது?"

"உங்க அப்பா தானே?"

"எங்க அப்பா சின்ன வயசுல சீனிப்பாகுச் சட்டி பட்டு நெத்தியில தழும்போட இருந்தவருங்க. இது யாரோ பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரில்ல இருக்காரு! எங்க அம்மாகிட்ட இதக் காட்டுனா தலையில முக்காட்டைப் போட்டுக்கிட்டு உள்ள போயிருமே!"

செக்‌ஷனே சிரித்தது. தழும்பைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: மனுஷ முகத்தில் கை வைக்கும் முன் கேட்டுக்கொள். பாடம் சரிதான், ஆனால் அரைகுறை. முகம் தவிர மற்றதில் கேட்க வேண்டியதில்லை என்று நானாக மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டேன். பூ, பழம், செடி, கொடி எல்லாம் சண்டைக்கா வரப்போகிறது?

செடி வந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றிரண்டு வருஷம் இருக்கும்போது.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் மேடம் ஒருவர் புத்தகம் அச்சடிக்க வந்தார். மலைப்பகுதிச் செடிகளைப் பற்றிய சின்னப் புத்தகம். கொடைக்கானல், நீலகிரி என்று மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அலைந்து, பன்னிரண்டு வருஷமாகப் பார்த்து, எழுதி, தன் கையாலேயே படமும் வரைந்திருந்தார். அந்த மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. வழியனுப்பு விழாவில் புத்தகத்தை வெளியிட வேண்டும் என்பது கல்லூரியின் ஏற்பாடு. கூட வந்து மலை ஏறிய பெண்களில் சிலர் இப்போது டீச்சர்களாக இருந்தார்கள், அவர்களும் வருவதாக இருந்தது. அதைச் சொல்லும்போது மேடத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அதில் ஒரு பக்கம் ஊசிக்களா என்ற செடிக்கு. நம் பக்கத்தில் கிடையாது, குளிர்ந்த மலையில் வளரும் புதர். மூன்று மூன்றாகக் கிளைத்த முள், முள்ளுக்கு மேலே கொத்தாக இலை, கட்டையைச் சீவினால் உள்ளே மஞ்சள். அந்தப் பக்கத்தில் வரிசையாகப் பத்துப் படங்கள், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் வரைந்தவை. இடது ஓரத்தில் மொட்டை மூடியிருக்கும் குட்டிச் செதில். வலது ஓரத்தில் முழு இலை. நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்டவை. நான் ஸ்கேன் செய்து பார்த்தேன். பாதிப் படங்களில் குறுக்காக முடி மாதிரி ஒரு மெல்லிய கோடு.

கண்ணாடியில் முடி விழுந்திருக்கிறது என்று அழித்தேன். பத்துப் படத்தையும் பளிங்கு மாதிரி ஆக்கி, பழைய பைலின் மேலேயே சேவ் செய்துவிட்டு, ஒரிஜினலை புரூஃபோடு சேர்த்து மேடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். புரூஃபில் கையெழுத்துப் போட்டு வந்தது. பிளேட்டும் ஆனது.

மெஷினில் ஏற்றியது காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலை நேரம். அந்த மெஷினை ஓட்டுகிறவர் தாயில்பட்டிக்காரர். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார், அதனால் மெஷின்மேன் என்றே சொல்கிறேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், வாய் மட்டும் என்னைவிடப் பத்து மடங்கு பெரியது. கலர் சரிபார்க்க முதலில் ஓடும் தாள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு என் சீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இந்த அம்பு எதக் காட்டுது?"

வரிசையின் கடைசிப் படம், முழு இலை. கீழே ஓர் அம்புக்குறி. அம்பின் வாலில் 'மூட்டு' என்று எழுத்து. தலை ஒன்றுமில்லாத வெள்ளையைக் குத்திக்கொண்டு நின்றது. எழுத்தும் அம்பும் வேறு ஆள் சேர்த்தது, நான் பார்க்கவில்லை.

"சும்மா வெத்து எடத்தக் குத்திக்கிட்டு நிக்குதே. நீங்க எதையும் கூட்டிப் பெருக்கித் தள்ளிட்டீகளா?"

"ஒரு முடி கிடந்துச்சு. எடுத்தேன்."

"ஒரு படத்துலயா?"

"அஞ்சாறு படத்துல."

"எல்லாத்துலயும் ஒரே எடத்துலயா?"

யோசித்தேன். ஆமாம், எல்லாவற்றிலும் இலையின் அடியை ஒட்டித்தான்.

"ஏன் அண்ணாச்சி, முப்பது வருசமா இங்கன தான இருக்கீக? தூசி ஒரு தாள்ல இங்க விழும், அடுத்த தாள்ல அங்க விழும். தாளுக்குத் தாள் அதே எடத்துல வந்தா அத தூசின்னா சொல்லுவோம்? பிளேட்டுலயே இருக்குன்னுல்ல சொல்லுவோம்!"

மெஷின் ஓட்டுகிற எவருக்கும் முதல் மாதத்திலேயே தெரிகிற விஷயம் அது. இடம் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு காரணம் இருக்கும். எனக்கும் தெரியும். திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் தெரியவில்லை.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய சத்தம் கேட்டு, அதாவது சத்தம் கேட்காமல் போனதும், முதலாளி ரூமிலிருந்து வந்துவிட்டார்.

"என்னய்யா?"

சொன்னேன்.

"புரூஃப்ல அந்தம்மா கையெழுத்து இருக்கா இல்லையா?"

"இருக்கு மொதலாளி."

"பொறகென்ன? நம்ம மேல தப்பு இல்ல. ஓட்டு. வெளிய சாமி காலண்டர் லோடு லோடா நிக்குது."

இந்த இடத்தில்தான், தம்பிகளா, தங்கச்சிகளா, கொஞ்சம் நில்லுங்கள். முதலாளி பொய் சொல்லவில்லை. கையெழுத்து மேடத்தின் கையெழுத்துதான். ஓட்டியிருந்தால் என்னை ஒருவரும் கேட்டிருக்க முடியாது. மேடம் விழா மேடையில் புத்தகத்தை விரித்துப் பார்ப்பார், தான் கையெழுத்துப் போட்டதை நினைத்து வாயை மூடிக்கொள்வார். நான் பயந்தது முதலாளிக்கு அல்ல, அந்த மேடைக்கு.

"மொதலாளி, கையெழுத்து போட்டது அவங்க. ஆனா அழிச்சது நான். காலண்டர ஏத்திக்கோங்க. நாளைக்கு மத்தியானம் எனக்கு மெஷின் கொடுங்க."

அவர் மெஷின்மேனைப் பார்த்தார். மெஷின்மேன் கூரையைப் பார்த்தார்.

"நாளை மத்தியானம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தள்ளுனாலும் தை மாசம்தான் மெஷினு, பாத்துக்கோ."

மேடத்துக்குப் போன் செய்தேன். "ஒரிஜினல் படம் கையில இருக்கா மேடம்?" என்றேன். "இருக்கு, ஏன்?" என்றார். "நேர்ல வந்து சொல்றேன்" என்றேன். தப்பைப் போனில் சொன்னால் பாதி தப்பைத்தான் சொல்லுவோம், எனக்கு என்னைப் பற்றித் தெரியும். விருதுநகர் பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் என்ன சொல்வது என்று பாடம் செய்துகொண்டே போனேன். மேடத்தின் வீட்டு வாசலில் போய் நின்றதும் எல்லாம் மறந்துபோய், "மேடம், நான் உங்க கோட்டைத் தூசின்னு அழிச்சுட்டேன்" என்று மட்டும் வந்தது.

அவர் உள்ளே போய்ப் புரூஃபின் நகலை எடுத்துவந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதுல நானே கையெழுத்துப் போட்டிருக்கேனே!"

"நீங்க எழுத்துப் பிழை பாத்திருப்பீங்க மேடம்."

"இல்ல அண்ணாச்சி, படத்தையும் பாத்தேன். கோடு அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ல? தெரிஞ்சவளுக்குக் கண்ணே கோடு போட்டுக் காட்டிருச்சு." கோபம் வரும் என்று எதிர்பார்த்தால், அவருக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உக்காருங்க. எதை அழிச்சோம்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

மேசையில் தாள்களை விரித்தார். ஒரு தாளில் ஒட்டிய காய்ந்த கிளையையும் எடுத்துவந்தார். நான் சட்டைப்பையிலிருந்து என் லென்ஸை எடுத்தேன், அச்சுப் புள்ளி பார்க்கிற மடக்கு லென்ஸ். "அட, ஆயுதத்தோடதான் வந்திருக்கீங்க" என்றார்.

"இந்த இலை விழும்போது அடியோட விழாது. இந்த மூட்டுல உடைஞ்சு விழும். கோட்டுக்குக் கீழ இருக்கிற இலையடி கிளையிலயே நிக்கும். இப்ப மொட்டுச் செதிலைப் பாருங்க. அகலம், ஓரம், நரம்பு ஓடுற விதம், எல்லாம் அந்த இலையடி மாதிரியே இருக்கா?"

பார்த்தேன். அச்சு அசல்.

"அப்போ செதில்னா என்ன? இலையா வரக் கிளம்பி, அடியோட நின்னுட்ட ஒண்ணு. மூட்டும் கிடையாது, அதுக்கு மேல இலைப்பரப்பும் கிடையாது. நடுவுல இருக்கிற ரெண்டுங்கெட்டான்கள்தான் சாட்சி. செதில் உச்சியில எள்ளு மாதிரி இலை ஒட்டிக்கிட்டு இருக்கும், நடுவுல மூட்டு. அந்தக் கோட்டை எடுத்துட்டா என் பத்துப் படமும் சும்மா பத்து இலை."

பன்னிரண்டு வருஷத்தை நான் ஒரு மத்தியானத்தில் பெருக்கித் தள்ளியிருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

ஒரிஜினலில் ஆறு முதல் பத்து வரை கோடு தெளிவாக இருந்தது. ஒன்று முதல் நாலு வரை செதில், கோடு இல்லை. சிக்கல் ஐந்தாவதில். அங்கே ஒரு தடம் தெரிந்தது. அது பேனாக் கோடா, தாளின் கீறலா?

"நீங்க போட்டதுதானா மேடம்?"

"எப்பவோ வரைஞ்சது. போட்டிருப்பேன். அஞ்சாவதுலயே மூட்டு ஆரம்பிச்சா வரிசை ரொம்ப அழகா வரும்."

நான் லென்ஸை வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். செடி எனக்குத் தெரியாது, தாள் தெரியும். மை என்றால் தாளுக்குள் ஊறியிருக்கும், ஓரம் சற்றுக் கசிந்திருக்கும். இதில் மை இல்லை. வெளிச்சம் பட்டபோது பளபளத்தது, அவ்வளவுதான்.

"இது கீறல் மேடம். நீங்க போடல."

அவர் முகம் வாடியது. எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றிவிட்டது. இருக்கிற கோட்டை அழித்தவன் நான். இப்போது இல்லாத கோட்டைப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், எனக்கும் பிராயச்சித்தம் செய்த மாதிரி இருக்கும். இரண்டு பேருமே அந்த ஐந்தாவது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரி, நம்ம ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம். செடிகிட்டயே கேட்டுருவோம்" என்று எழுந்தார் மேடம்.

காய்ந்த கிளையோடு ஒரு சின்னக் கவர் ஒட்டியிருந்தது. அதில் அந்த மொட்டிலிருந்து உரித்த செதில்கள், எண் போட்டபடி. ஐந்தாவதை எடுத்தார். காய்ந்தது சுருங்கியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பில் எனக்குக் காப்பிக்காக வைத்த வெந்நீரில் அதைப் போட்டுவிட்டார். நான் பாவம் காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செதில் ஊறி விரிந்தது. தட்டில் எடுத்துப் பரப்பினோம். முதலில் அவர் பார்த்தார். நெடுநேரம். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"என்ன தெரியுது, சொல்லுங்க. நான் என்ன பாத்தேன்னு சொல்ல மாட்டேன்."

பார்த்தேன். இடது ஓரத்திலிருந்து கோடு கிளம்பியது. நடு நரம்பு வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்டுப் பார்த்தேன், திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

"பாதிக் கோடு மேடம். இடது பக்கம் மட்டும்."

"ஆமா!" என்று கையைத் தட்டிவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி. "மூட்டு வைக்கலாமா வேண்டாமான்னு அதுக்கே பாதியில ஒரு யோசனை! முழுக் கோட்டைவிட இது எம்புட்டு நல்ல சாட்சி தெரியுமா? பன்னிரண்டு வருஷம் இத நான் பாக்கவே இல்லையே அண்ணாச்சி!"

அங்கேயே உட்கார்ந்து ஐந்தாவது படத்தைப் புதிதாக வரைந்தார். காப்பியும் ஒருவழியாக வந்தது. கிளம்பும்போது ஊறிய செதிலை, நனைத்த மையொற்றும் தாளில் மடித்து, ஒரு காலித் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்.

"கையில வச்சுக்கோங்க. சந்தேகம் வந்தா என்னைக் கூப்பிடாதீங்க, இதப் பாருங்க."

மறுநாள் காலையில் பத்துப் படத்தையும் திரும்ப ஸ்கேன் செய்தேன். இந்தத் தடவை பழைய பைலின் மேல் சேவ் செய்யவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் புள்ளியை எடுத்தாலும், எடுக்கும் முன் ஒரிஜினலைப் பார்த்தேன். பக்கம் மேடத்தின் போனுக்குப் போனது. இந்த முறை பத்துப் படத்தையும் ஒவ்வொன்றாக எண் சொல்லிச் சரி என்று பதில் வந்தது. பிளேட் போட்டோம், சொன்னபடி மத்தியானம் மெஷின் கிடைத்தது. முதலாளி தன் ரூம் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

முதல் தாள்கள் விழுந்தன. ஓட்டம் பிடித்தது. நான் மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது.

மெஷின்மேன் தாளோடு வந்தார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. அஞ்சாவது படத்துல கோடு பாதியில நிக்குது. பிளேட் அடிபட்டுருச்சா, என்னன்னு தெரியல. தாளுக்குத் தாள் அப்படித்தான் வருது."

"ஓட்டுலே. செடியே அப்படித்தான்."

"எந்தச் செடி பாதிக் கோடு போடும்?"

உள்ளேயிருந்து முதலாளி, "என்னய்யா மறுபடியும்?" என்றார்.

மெஷின்மேன் அசையவில்லை. நேற்று அவர் கேட்ட கேள்விக்கு நான் காது கொடுத்ததால்தான் இன்றைக்கும் கேட்கிறார். ஓட்டு என்று அதட்டியிருந்தால் ஓட்டியிருப்பார். ஆனால் அடுத்த தடவை அம்பு வெற்றிடத்தைக் குத்தினாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். உள்ளே ஈரம் காயாமல் செதில் இருந்தது. லென்ஸைக் கையில் கொடுத்தேன். மை படிந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். செதிலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். திரும்பவும் செதிலைப் பார்த்தார்.

"அட, ஆமாலே" என்றார், எனக்கா செதிலுக்கா என்று தெரியவில்லை.

தீப்பெட்டியை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் மெஷினை ஓட்டினார்.